நிறுத்தத் தெரியாத நிரலை ஓடவிடாதீர்கள்

மாணவர்களே, பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலும் புத்தாக்கப் போட்டிகளிலும் இப்போதெல்லாம் கணினித் திட்டப்பணிகள் நிறையவே இடம்பெறுகின்றன. நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தரும்படி நினைவூட்டும் அகப்பக்கம், கால்வாயின் நீர்மட்டத்தைப் பதிவுசெய்யும் கருவி, பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்பும் செயலி என்று படிவம் மூன்று, நான்கு மாணவர்கள் செய்து காட்டுவதைப் பார்க்கும்போது பெருமையாக இருக்கிறது. "இது என்ன செய்யும்?" என்று நடுவர்கள் கேட்பார்கள். நான் அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பேன். "நீங்கள் தூங்கும்போது இது என்ன செய்துகொண்டிருக்கும்?"

"ஓடிக்கொண்டே இருக்கும், டீச்சர்" என்று பதில் வரும். "ஓடுகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் அமைதிதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிரல் இப்போது ஓடுகிறதா என்று உங்களால் சொல்ல முடியவில்லை, அதை ஒழுங்காக நிறுத்த முடியவில்லை, நேற்று இரவு அது என்ன செய்தது என்று காட்ட முடியவில்லை என்றால், அந்த நிரலை நீங்கள் இன்னும் எழுதி முடிக்கவில்லை. திரையில் அது எவ்வளவு அழகாக இயங்கினாலும் சரி. நிரலாக்கம் கற்பிக்கும் நாங்களும் கற்கும் நீங்களும் இதைப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்கக் கூடாது.

முகப்பும் சமையலறையும்

பின்னணி நிரல் எதற்கு வேண்டும் என்பதைப் பார்ப்போம். இணையச் சேவையகம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் முகப்பைப் போன்றது. நீங்கள் ஒரு நாசி லெமாக் கேட்டால் அக்கா உடனே எடுத்துத் தந்துவிடுவார். விளையாட்டுப் போட்டி நாளுக்கு 300 பொட்டலம் வேண்டும் என்று ஓர் ஆசிரியர் வந்து கேட்டால் என்ன செய்வார்? அவரை முகப்பிலேயே நிற்கவைத்துவிட்டுச் சமைக்கப் போகமாட்டார். நோட்டில் எழுதிக்கொண்டு, "நாளைக் காலையில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். வரிசை நகரும். சமையலறையில் வேறொருவர் நோட்டைப் பார்த்து வேலையைத் தொடங்குவார்.

சேவையகத்திலும் இதுதான் முறை. பக்கத்தைத் திறப்பது, படிவத்தை நிரப்பி அனுப்புவது போன்ற சிறு வேலைகளுக்கு உடனே பதில் தரலாம். நீண்ட வேலையை ஒரு வரிசையில் குறித்து வைத்துவிட்டு, பின்னணியில் இருக்கும் இன்னொரு நிரலிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைக்காவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பள்ளி அகப்பக்கத்திலிருந்து 1,200 பெற்றோருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ஒரு மின்னஞ்சலுக்கு அரை விநாடி பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 600 விநாடி, அதாவது 10 நிமிடம். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் என்ஜின்எக்ஸ் என்ற சேவையக மென்பொருள், பின்னால் இருக்கும் நிரலிடமிருந்து பதில் வராவிட்டால் 60 விநாடி வரைதான் காத்திருக்கும். யாரும் மாற்றி அமைக்காதவரை அதன் அளவு அதுதான். பிறகு திரையில் பிழைச் செய்தியைக் காட்டிவிடும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காத்திருப்பதை நிறுத்தியது முகப்பில் இருக்கும் என்ஜின்எக்ஸ். பின்னால் இருக்கும் நிரல் பல வேளைகளில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்குள் 120 பேருக்கு அனுப்பியும் இருக்கும். பிழைச் செய்தியைப் பார்த்த ஆசிரியர் "போகவில்லை போலும்" என்று மறுபடி பொத்தானை அழுத்துவார். இப்போது ஒரே வேலையை இரண்டு நிரல்கள் செய்கின்றன. மூன்றாம் முறை அழுத்தினால் மூன்று. மாலைக்குள் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரே கடிதம் மூன்று முறை போயிருக்கும். மின்னஞ்சல் என்பதால் சிரித்துவிட்டுப் போகலாம். கட்டணம் பிடித்தம் செய்யும் நிரலாக இருந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பூதத்துக்கும் செலவு உண்டு

யாரும் பார்க்காமல் பின்னணியில் ஓடும் நிரலுக்குக் கணினி உலகில் 'டீமன்' என்று பெயர். இந்தப் பெயர் இயற்பியலிலிருந்து வந்தது. 1867இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு கற்பனைச் சோதனையை முன்வைத்தார். வாயு நிரம்பிய பெட்டியின் நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு சின்னக் கதவு. கதவருகே ஒரு குட்டிப் பூதம் உட்கார்ந்து, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆற்றல் எதுவும் செலவாகாமல் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் ஆகிவிடுமே என்பதுதான் புதிர். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'மேக்' என்ற ஆய்வுத் திட்டத்தில் இருந்தவர்கள், ஓய்வில்லாமல் பின்னணியில் வேலை செய்யும் தங்கள் நிரல்களுக்கு இந்தப் பூதத்தின் பெயரைச் சூட்டினார்கள். அக்குழுவை வழிநடத்திய பெர்னாண்டோ கோர்பட்டோவே இதைச் சொல்லியிருக்கிறார்.

பெயர் பொருத்தமானதுதான். ஆனால், புதிரின் விடையையும் நாம் மறந்துவிடக் கூடாது. தகவலை அழிப்பதற்குக் குறைந்தபட்ச ஆற்றல் செலவு உண்டு என்று 1961இல் ரோல்ஃப் லேண்டவர் காட்டினார். பார்த்த மூலக்கூறுகளைப் பற்றிய நினைவை அந்தப் பூதமும் அழித்தாக வேண்டும், அங்கேதான் அதன் செலவு ஒளிந்திருக்கிறது என்று 1982இல் சார்ல்ஸ் பென்னட் விளக்கினார். இலவசமாக வேலை செய்யும் பூதம் இயற்பியலில் இல்லை.

சேவையகத்திலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நிரலும் நினைவகத்தைப் பிடிக்கிறது, வட்டில் இடத்தை அடைக்கிறது. நிமிடத்துக்கு 1 மெகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொண்டு திருப்பித் தராத ஒரு நிரலை நினைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் சோதித்தால் ஒரு குறையும் தெரியாது. ஒரு நாளில் அது 1,440 மெகாபைட். 2 கிகாபைட் நினைவகம் உள்ள சேவையகம் ஒன்றரை நாள் தாங்காது. நினைவகம் முற்றிலும் தீர்ந்துபோனால் லினக்ஸ் இயங்குதளம் ஏதாவது ஒரு நிரலைத் தானே தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். அது குற்றம் செய்த நிரலாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளமாகவும் இருக்கலாம்.

அளவுக்கு மீறிய பிரதிகள்

கவனிக்கப்படாத பின்னணி நிரல்கள் இரண்டு வகையில் கெடுக்கும். ஒன்று, அளவுக்கு மீறிப் பெருகும். மற்றொன்று, சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும்.

முதல் வகைக்குப் பெரிய சாட்சி 1988 நவம்பர் 2ஆம் தேதி நடந்தது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், கணினிக்குக் கணினி தானாகப் பரவும் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். ஒரு கணினிக்குள் நுழைந்ததும், தன் பிரதி அங்கே ஏற்கெனவே ஓடுகிறதா என்று அது கேட்கும். இருந்தால் விலகிவிட வேண்டும். ஆனால், கணினி நிர்வாகிகள் "இருக்கிறது" என்று பொய்ப் பதில் சொல்லித் தடுத்துவிடுவார்களோ என்ற எண்ணத்தில், ஏழு முறைக்கு ஒரு முறை அந்தப் பதிலைப் பொருட்படுத்தாமல் தங்கிவிடும்படி எழுதியிருந்தார். அந்த ஏழில் ஒன்றுதான் கெடுத்தது. ஒரே கணினியில் பிரதி மேல் பிரதியாகக் குவிந்து கணினிகள் திணறி நின்றன. ஏறக்குறைய 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அன்றைய இணையத்தில் அது பத்தில் ஒரு பங்கு. 1990இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகச் சேவையும் அபராதமும் விதிக்கப்பட்டன.

அனுமதியின்றி அடுத்தவர் கணினியில் நுழைந்தது தவறு. அதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. நாம் இங்கே கவனிக்க வேண்டியது, "ஏற்கெனவே ஒருவன் ஓடுகிறானா?" என்ற சோதனையில் இருந்த ஒரு சிறு ஓட்டை எவ்வளவு தூரம் போனது என்பதை. நல்ல எண்ணத்தோடு எழுதும் நிரலிலும் இதே ஓட்டை வரலாம். லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்க 'கிரான்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று சொன்னால் அப்படியே தொடங்கும். முந்தைய வேலை முடிந்ததா என்று அது பார்க்காது. வேலை முடிய ஏழு நிமிடம் ஆனால், முதலாவது முடிவதற்குள் இரண்டாவது தொடங்கிவிடும். இரண்டும் போட்டியிட்டால் வேகம் இன்னும் குறையும். பிறகு மூன்று, நான்கு என்று சேரும்.

சத்தமில்லாத தோல்வி

இரண்டாம் வகை இதைவிட ஆபத்தானது. கிட்லேப் என்பது உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் ஒரு சேவை. 2017 ஜனவரி 31ஆம் தேதி இரவு, அங்கே ஒரு பொறியாளர் வேறொரு சேவையகம் என்று நினைத்து முதன்மைச் சேவையகத்தின் தரவுத்தளக் கோப்புகளை அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட் மட்டுமே மிஞ்சியது.

பரவாயில்லை, காப்பு நகல் இருக்குமே என்று தேடினார்கள். நாள்தோறும் நகல் எடுப்பதற்கென்றே ஒரு பின்னணி நிரல் இருந்தது. நகல்கள் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. தரவுத்தளத்தின் பதிப்பு 9.6. நகலெடுக்கும் கருவியோ 9.2. இரண்டும் ஒத்துப்போகாததால் நிரல் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றுபோயிருக்கிறது. தோற்றால் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. அந்த மின்னஞ்சல்கள் உரிய முறையில் கையொப்பமிடப்படாததால், பெறும் சேவையகம் அவற்றை ஏற்கவில்லை. ஆக, நிரல் தோற்றது. தோற்ற செய்தியும் தோற்றது. மேலிருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் நலமாகத் தெரிந்தது.

அன்று அவர்களைக் காப்பாற்றியது, சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல். இடைப்பட்ட 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை அந்த நிறுவனம் மறைக்காமல் விவரமாக வெளியிட்டதால்தான் நாம் இன்று அதிலிருந்து பாடம் படிக்க முடிகிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. "தோற்றால் சொல்" என்ற கட்டளையை மட்டும் நம்பினால், செத்துப்போன நிரலும் நலமாக இருக்கும் நிரலும் வெளியிலிருந்து ஒரே மாதிரி இருக்கும். இரண்டுமே அமைதியாக இருக்கும். கட்டளையைத் திருப்பிப் போடுங்கள். "ஒவ்வொரு முறை வெற்றி பெறும்போதும் சொல். உன் குரல் கேட்காவிட்டால் நான் எழுந்து வருவேன்." இரவு வீடு திரும்பியதும் "வந்துட்டேன்மா" என்று புலனத்தில் செய்தி அனுப்பச் சொல்லும் அம்மா பின்பற்றுவது இதே முறைதான்.

ஓடவிடுமுன் ஐந்து கேள்விகள்

அடுத்த முறை ஒரு நிரலைச் சேவையகத்தில் ஓடவிடுமுன் இந்த ஐந்துக்கும் பதில் வைத்திருங்கள்.

முதல் கேள்வி: அது இப்போது ஓடுகிறதா? ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால்தான் நிரலைக் கண்காணிக்கவும் நிறுத்தவும் முடியும்.

இரண்டாவது: நின்றுபோனால் யார் எழுப்புவார்? மடிக்கணினியிலிருந்து சேவையகத்தோடு இணைந்து ஒரு நிரலைத் தொடங்கிவிட்டு இணைப்பை மூடினால், நிரலும் பெரும்பாலும் செத்துவிடும். 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்ற சமிக்ஞை அதற்குப் போகிறது. தொலைபேசி இணைப்பு வழியாகக் கணினியை இயக்கிய காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. ஆகவே, நிரலைத் தொடங்கும் பொறுப்பை 'சிஸ்டம்டி' போன்ற மேற்பார்வை ஏற்பாட்டிடம் கொடுக்க வேண்டும். சேவையகம் அணைந்து எரிந்தாலும் அது நிரலை மறுபடி தொடங்கிவைக்கும்.

மூன்றாவது: ஒரே நேரத்தில் இரண்டு ஓடாமல் எப்படித் தடுப்பீர்கள்? கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் போல ஒரு பூட்டு வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் அடுத்தவர் நுழைய முடியாது. உள்ளே போனவர் மயங்கி விழுந்தால் பூட்டு தானாகத் திறக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் செத்த நிரலின் பூட்டு உயிருள்ள நிரலைத் தடுத்துக்கொண்டே இருக்கும்.

நான்காவது: எப்படி நிறுத்துவீர்கள்? தேர்வு மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "நேரம் முடிந்தது, எழுதுவதை முடித்துத் தாளைக் கொடுங்கள்" என்று ஆசிரியர் சொல்வது ஒரு வகை. தாளைப் பிடுங்கிக்கொண்டு போவது இன்னொரு வகை. லினக்ஸில் 15ஆம் எண் சமிக்ஞை முதல் வகை. நிரல் அதைக் கேட்டு, கையில் இருக்கும் வேலையை முடித்து, கோப்புகளை மூடிவிட்டு நிற்கலாம். 9ஆம் எண் சமிக்ஞை இரண்டாம் வகை. அதை எந்த நிரலாலும் மறுக்க முடியாது. பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நிற்கும். சிஸ்டம்டி வழக்கமாக முதலில் 15ஐ அனுப்பி, 90 விநாடி காத்திருந்து, அதற்கும் நிற்காவிட்டால்தான் 9ஐ அனுப்பும். எடுத்ததும் 9ஐ அனுப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாவது: பாதியில் நின்றால் எங்கிருந்து தொடரும்? 1,200 பெற்றோரில் 480 பேருக்கு அனுப்பியபோது மின்சாரம் போனால், 481ஆம் பெயரிலிருந்து தொடர வேண்டும். அதற்கு, ஒவ்வொருவருக்கும் அனுப்பியதும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அந்தப் பதிவேடுதான் நேற்று இரவு நடந்ததற்குச் சாட்சியும்கூட.

"இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?"

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். முதலாவது, "தொடக்கநிலை மாணவர்களுக்கு இது அதிகம். முதலில் ஆர்வம் வரட்டும்." ஆர்வம் முக்கியம் என்பதை ஏற்கிறேன். ஆனால், ஆய்வுக்கூடத்தில் பன்சன் விளக்கைப் பற்றவைக்கக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில் அணைக்கவும் கற்றுக்கொடுக்கிறோம். அதனால் யாருக்கும் வேதியியல் மேல் ஆர்வம் போய்விடவில்லை.

இரண்டாவது, "இப்போது மேகக் கணிமைச் சேவைகள் வந்துவிட்டன, செத்த நிரலை அவையே எழுப்பிவிடும்." எழுப்பும், உண்மைதான். ஆனால், எழுப்பப்படும் நிரலுக்கு, தான் எங்கே விட்டோம் என்று தெரியாவிட்டால்? பட்டியலில் 61ஆம் முகவரி தவறாக இருந்து, அந்த இடத்தில் நிரல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேவை அதை உடனே எழுப்பும். அது முதல் 60 பேருக்கு மறுபடி அனுப்பிவிட்டு, அதே இடத்தில் விழும். மறுபடி எழும். அந்த 60 பேரின் அஞ்சல் பெட்டி விடிவதற்குள் நிரம்பிவிடும். நிரல் ஓட வேண்டும் என்பது மட்டும்தான் மேற்பார்வையாளருக்குத் தெரியும். அது சரியாக ஓடுகிறதா என்பது எழுதிய உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பொறுப்பைச் சந்தா கட்டி வேறொருவரிடம் ஒப்படைக்க முடியாது.

ஆசிரியர் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திட்டப்பணிகளுக்குப் புள்ளி இடும்போது, திரையின் அழகுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியைப் பதிவேட்டுக்கும் முறையான நிறுத்தத்துக்கும் ஒதுக்குங்கள். புள்ளி எங்கே இருக்கிறதோ மாணவர்களின் கவனமும் அங்கே போகும்.

ஒரு வாரச் சோதனை

கடைசியாக, உங்களுக்கு ஒரு சோதனை. பழைய மடிக்கணினியோ ராஸ்பெரி பை கருவியோ போதும். நேரத்தை ஒரு கோப்பில் ஒரு வரியாக எழுதி, 60 விநாடி தூங்கி, மறுபடி எழுதும் ஒரு சிறு நிரலை எழுதுங்கள். பத்து வரிகூட ஆகாது. ஒரு வாரம் ஓடவிட்டு, வரிகளை எண்ணுங்கள்.

ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். ஏழு நாளுக்கு 10,080. எண்ணி முடிக்குமுன் உங்கள் ஊகத்தைத் தாளில் எழுதி வையுங்கள், எந்த அறிவியல் சோதனையிலும் செய்வது போல. 10,080 வரி கிடைக்குமா? ஒவ்வொரு சுற்றிலும் எழுதும் வேலைக்கு அரை விநாடி கூடுதலாகப் பிடித்தாலே 84 வரி குறைந்து 9,996தான் வரும். அதைவிட நிறையக் குறைந்தால் கோப்பைத் திறந்து இடைவெளியைத் தேடுங்கள். மின்சாரம் எப்போது போனது, மூடியை மூடியபோது மடிக்கணினி எத்தனை மணி நேரம் உறங்கியது, நிரல் எந்த இரவில் விழுந்து எப்போது எழுந்தது என்பதெல்லாம் அந்த வரிகளுக்கு நடுவே தெரியும். 10,080க்கு மேல் வந்தால், உங்களுக்கே தெரியாமல் இரண்டு பிரதிகள் ஓடியிருக்கின்றன என்று பொருள்.

கண்டுபிடித்ததை வகுப்பில் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். "உன் நிரல் இரவில் என்ன செய்தது?" என்று யாராவது கேட்டால், அந்தக் கோப்பைத் திறந்து பதில் சொல்லலாம்.